முன்னால் புறப்பட்ட பை

அந்தப் பச்சை ரெக்சின் பை முதல் தடவை தானாக இடம் மாறியது ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை மத்தியானம், முப்பிடாதி அம்மன் கோயில் தெரு முழுக்க உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்த வேளையில். பகவதி மைனி வீட்டு முன்னறைப் பெஞ்சின் மேல் திங்கட்கிழமையிலிருந்து இருந்த பை, மூன்றரை மணிக்கு அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து பார்க்கையில் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் நின்று செண்பகம், "மைனி, பை இங்ஙன வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள். "அப்பிடியா, வந்து எவ்வளவு நேரமாச்சு, காப்பி கீப்பி போட்டியா?" என்று மைனி கேட்டாள். அவ்வளவுதான்.

பைக்குச் சொந்தக்காரியான குழல்வாய்மொழிக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். புருஷன் ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து சித்திரையில் ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும், எது எத்தனை நிமிஷம் பிந்தி வந்தது, ஏன் பிந்தியது என்று முப்பத்துநான்கு வருஷம் கோடு போட்டு எழுதி, விசில் ஊதி, ஊரில் பாதிப் பேரை வெளியூருக்கு அனுப்பிவைத்தவர். தான் மட்டும் மதுரைக்கு வடக்கே போகாதவர். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இருவரும் போனால் அந்தத் தெருவின் வழக்கப்படி அவர் நாலு எட்டு முன்னால் நடப்பார், அவள் நாலு எட்டு பின்னால் நடப்பாள், நடுவில் கிடக்கும் அந்த நாலு எட்டில் ஆடு போகும், சைக்கிள் போகும், ஒரு தடவை ஒரு சாமி ஊர்வலமே குறுக்கே போயிருக்கிறது. அவருடைய முதுகைக் குழலுக்கு நன்றாகத் தெரியும். சட்டையின் வலது தோள் தையல் முதலில் விடும் என்பது தெரியும். நடக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

வைகாசியில் ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அத்தான், ஒரு தடவை மெட்ராசுக்குப் போயிட்டு வருவமா? நாம ரெண்டு பேரு மட்டும்."

"அங்க என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. அதுக்குத்தான்."

அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"அங்க நம்மள ஒருத்தருக்கும் தெரியாதுல்லா," என்றாள் அவள். "கடற்கரையில உங்க பக்கத்துல நடக்கணும். பின்னால இல்ல. பக்கத்துல."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார். ஆனால் மறுநாள் கடைக்குப் போய் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார், ஸ்கேலும் பென்சிலும் வாங்கி வந்தார், உட்கார்ந்து பத்தி பிரித்தார்: புறப்பாடு, சேருமிடம், சேர வேண்டிய நேரம், தாமதத்துக்கான காரணம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் குழலுக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது.

அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் மெட்ராஸ்தான். நோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். எழும்பூரில் இறங்கி எந்த வாசல் வழியாக வெளியே வருவது, பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலில் மூச்சு முட்டுமா முட்டாதா, கடற்கரையில் மிளகாய் பஜ்ஜியை முதலில் தின்பதா கடைசியில் தின்பதா, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டால் எங்கே போய் நிற்பது. இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் ஏழு இடங்களை அவர் எழுதி வைத்தார். "ஏழும் வேண்டாம் அத்தான், தொலையாம இருந்தாப் போதும்" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்காமல், "எட்டாவதா ஒண்ணு இருக்கட்டும்" என்று எழுதினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் அவளுக்கு எதிரே உட்கார்ந்ததில்லை என்பதால் பஜ்ஜி விவகாரத்தை அவளும் வேண்டுமென்றே நாலு நாள் இழுத்தாள்.

சிக்கல் ரயிலில் வந்தது. அவர்கள் ஊரில் மெட்ராஸ் ரயில் வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு வந்து, இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும். புதன்கிழமையோ வடக்கே சூலம். சூலம் உள்ள திசைக்குப் புறப்பட வேண்டியிருந்தால் அந்தத் தெருவில் ஒரு வழி உண்டு: அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய்ப் போகிற திசையில் உள்ள பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் வைப்பது என்று பெயர். சாமான் வீட்டைவிட்டுப் போய்விட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. ஆள் பிறகு சூலத்தில் போனாலும் தோஷமில்லை. அப்படித்தான் அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றையும், அவளுடைய அரக்குச் சேலை ஒன்றையும், ஒரு சீப்பையும் வைத்து, பச்சைப் பையைத் திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பகவதி மைனி வீட்டுப் பெஞ்சில் வைத்தார்கள்.

புதன்கிழமை காலை பேப்பரில் மெட்ராஸில் ஏதோ ஒரு சாலையை ஒருவழிப்பாதை ஆக்கிவிட்டதாகப் போட்டிருந்தது. ஆவுடையப்பன் நோட்டில் வரைந்த வழி நேராக அந்தச் சாலையின் மேல், அதுவும் எதிர்த் திசையில் போயிற்று. அவர் தாமதத்துக்கான காரணம் என்ற பத்தியில் அதை எழுதி, கீழே கோடு இழுத்து, "அடுத்த புதன்" என்றார்.

பயணத்தைத் தள்ளிப் போட்டது தப்பில்லை; எல்லோரும் செய்வதுதான். பையைத் திரும்ப எடுத்து வராததுதான் தப்பு. குழலு எடுக்கத்தான் போனாள். "வச்ச பரஸ்தானத்தத் திருப்பி எடுத்தா பயணமே கெட்டுப் போவும், அங்ஙனயே இருக்கட்டும்" என்று அவர் தடுத்தார். புறப்பட்டது என்று சொல்லி வைத்த ஒன்றை எத்தனை நேரம்தான் நிறுத்தி வைக்க முடியும்? அன்று மத்தியானம் பை தன்பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

தெரு தெற்கே கோயிலில் தொடங்கி வடக்கே ரயில்வே கேட்டில் முடிகிறது. ஆவுடையப்பன் வீட்டுக்கு வடக்கே பதினான்கு வீடுகள். வந்த பையை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் முதலில் சில குழப்பங்கள் இருந்தன. போகப் போகத் தெருவே கூடி எல்லாவற்றுக்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டது. பை தரையில் இருக்கக் கூடாது, மணை போட வேண்டும். பைக்குக் காப்பி தேவையில்லை, ஆனால் வீட்டில் காப்பி போட்டால் பையின் முன்னால் ஒரு தம்ளரை வைத்து ஆறியதும் வீட்டுக்காரர் குடிக்கலாம். பையிலிருந்து யாரும் எதையும் எடுக்கக் கூடாது, போகிற வழிக்கு என்று எதையாவது போட மட்டும் செய்யலாம். செண்பகம் ஒரு டப்பா சீடை போட்டாள். அதற்கடுத்த வீட்டில் தாம்பரத்து மகனுக்கு ஒரு கடிதமும் கூழ்வத்தலும் போட்டார்கள். ஒரு வீட்டில் விசிறி, ஒரு வீட்டில் இரண்டு தேங்காய், ஒரு வீட்டில் ஆட்டுக்கல் குழவி. குழவி எதற்கு என்று கேட்டதற்கு, "மெட்ராஸ்ல கல்லுக்கு எங்க போவாக" என்றார்கள். பை இருந்த உருவத்தில் கொஞ்சம்கூடப் பெருக்கவில்லை, போட்டது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கம்மென்று மணைமேல் இருந்தது.

இதற்குள் பை தங்குகிற வீட்டில் வேறொன்றும் நடந்தது. பகவதி மைனியின் புருஷன் ஒன்பது வருஷமாக அவளிடம் "சோறு", "தண்ணி", "கதவு" என்ற மூன்றுக்கு மேல் பேசியதில்லை. பை இருந்த இரண்டாம் நாள் அவர், "பகவதி, ராமேஸ்வரத்துல எந்த மாசம் கூட்டம் கம்மியா இருக்கும்?" என்று கேட்டார். மைனி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். பை போன பிறகும் பேச்சு போகவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி, அங்கே குளிருக்குச் சால்வை வாங்கி, அது என்ன நிறம் என்பதில் சண்டை போட்டு, நாலு நாள் பேசாமலிருந்து, மறுபடி ராமேஸ்வரத்துக்கு இறங்கினார்கள். செண்பகம் வீட்டிலும் அப்படியே, அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. சாயங்காலமானால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புருஷனும் பெண்சாதியும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொள்வது தெருவில் கேட்டது. இன்னும் பை வராத வீட்டுக்காரர்கள் வடக்கே தங்கள் வாசலில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பை எப்போது நகர்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கணக்கு வாத்தியார் வேலாயுதம் சார். ஆவுடையப்பன் வீட்டு டிக்கெட்டை வாரா வாரம் கம்ப்யூட்டரில் மாற்றிப் போட்டுத் தந்தவர் அவர்தான் என்பதால் தேதிகள் அவர் கையில் இருந்தன. ஆவுடையப்பன் பயணத்தைத் தள்ளிப் போடுகிற புதன்கிழமை பை ஒரு வீடு நகர்கிறது. வேறு நாளில் நகர்வதில்லை. "தள்ளிப் போட்டா போவும், தள்ளிப் போடாட்டி நிக்கும்" என்று அவர் சொன்னதும் தெருவுக்கு வழி திறந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை காலையில் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நாலு பேர்.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல தண்ணிக் கஷ்டமாம்."

"அண்ணாச்சி, அங்ஙன ஒரு மாதிரி காய்ச்சல் சுத்துதாம். மூக்குல ஆரம்பிக்குமாம்."

"அண்ணாச்சி, கடலு உள்ள போயிருச்சாம். இப்பம் போனா மணலத்தான் பாக்கணும்."

ஆவுடையப்பன் ஒவ்வொன்றையும் வரிசை எண் போட்டு எழுதினார். உள்ளே அடுப்படியில் நின்ற குழலு கடல் உள்ளே போன செய்தியைக் கேட்டதும் வெளியே வந்தாள். சொன்னவர் பை வரவேண்டிய அடுத்த வீட்டுக்காரர்.

"கடலு எங்க போச்சு, உங்க வீட்டுக்கா?" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் எழுதியது எழுதியதுதான். பை அன்றும் நகர்ந்தது.

அவள் நேரே பகவதி மைனி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு மைனி. ராமேஸ்வரம் என்ன, கொடைக்கானல் என்ன. நான் எங்க போனேன்? என் பயணத்தத் தெருவே பங்கு போட்டுத் தின்னுட்டிய."

"கோவப்படாத. நீ போயி உன் பையப் பாத்தியா? கனகம் வீட்டுல ராணி மாதிரி இருக்கு."

"பாத்தேன். என் சீப்ப எடுக்கப் போனேன். எடுக்கக் கூடாதாம்ல. என் பைக்கு முன்னால என்னையே விருந்தாளி மாதிரி உக்கார வச்சு முறுக்குத் தாராக."

மைனி சிரித்தாள். குழலுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நோட்டை இழுத்து மூடிவிட்டு அவரிடம் கேட்டாள். "அத்தான், உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு வர இஷ்டமில்லையா?"

அவர் பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார்.

"முப்பத்துநாலு வருஷம் விசில் ஊதி அனுப்பினேன் குழலு. இத்தனை மணிக்குப் புறப்பட்டுதுன்னு எழுதினேன். போய்ச் சேந்துச்சான்னு ஒருத்தனும் எங்கிட்ட வந்து சொன்னதில்ல. அது என் நோட்டுலயே இல்ல." பென்சிலை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். "இங்ஙன தெருவுல எறங்குனா டைம் கீப்பர் அண்ணாச்சின்னு நாலு பேரு கும்பிடுதான். அங்க போயி உன் பக்கத்துல நடந்தா, நான் யாரு?"

"எம் புருஷன்," என்றாள் குழலு. "அது பத்தாதா?"

அவர் மூடிய நோட்டைத் திரும்பத் திறந்தார். பத்தும் என்றும் சொல்லவில்லை, பத்தாது என்றும் சொல்லவில்லை. ஐப்பசி மழை வந்தது. மழை உண்மையிலேயே ஒரு காரணம் என்பதால் அந்த மாதம் யாரும் அவர் வாசலுக்கு வர வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகையில் பை கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அது ரயில்வே கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிற செய்யதுவின் வீடு. அவர் மனைவி சபூரா மணை இல்லாததால் புதுப் பாய் விரித்து அதன்மேல் வைத்திருந்தாள். அந்த வீட்டுக்கு அப்பால் கேட்டு, கேட்டுக்கு அப்பால் பிளாட்பாரம், பிளாட்பாரத்துக்கு அப்பால் மெட்ராஸ்.

"இன்னும் ஒரு தடவ தள்ளிப் போட்டா," என்றார் வேலாயுதம் சார், "பை ரயில் ஏறிரும்."

இதைக் கேட்டுத் தெரு வருத்தப்படும் என்று குழலு எதிர்பார்த்தாள். தெரு சந்தோஷப்பட்டது. எல்லா வீட்டுக்கும் பை வந்தாயிற்று. எல்லா வீட்டுச் சாமானும் பைக்குள் இருந்தது. தாம்பரத்து மகனுக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும், வேளச்சேரியில் பிள்ளை பெற்றிருக்கிறவளுக்கு மருந்துப் பொடி போய்ச் சேர வேண்டும். "பாவம், அண்ணாச்சிக்கு எதுக்கு அலைச்சல்? நம்ம தெரு சார்பா பை போயிட்டு வரட்டும்" என்றார்கள். "பைக்குள்ள உன் சேலையும் அவரு வேட்டியும் இருக்குல்லா, ரெண்டு பேரும் போன மாதிரிதான்" என்று செண்பகம் ஆறுதல் சொன்னாள்.

அந்த ஆறுதல்தான் குழலைக் குத்தியது. அரக்குச் சேலையும் வெள்ளை வேட்டியும் ஒன்றின்மேல் ஒன்று மடித்தபடி, தோளோடு தோள் உரச, கடற்கரையில் காற்று வாங்குவதை நினைத்துப் பார்த்தாள். முதல் முறையாகத் தன் சேலைமேல் அவளுக்குப் பொறாமை வந்தது.

புதன்கிழமை. காலையில் அவர் எதுவும் எழுதவில்லை, போகலாம் என்றும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. தெரு அன்று தூங்கவில்லை. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. இரண்டு மணிக்கு ஆவுடையப்பன் நோட்டைத் திறந்தார், ஸ்கேலை வைத்தார், பென்சிலைக் கூராக்கினார். என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் பென்சில் முனை தாளின் மேல் நின்றது. வாசலில் காரணம் கொண்டுவந்து தர இன்று ஒருவரும் இல்லை; எப்படியும் அவர் தள்ளிப் போட்டுவிடுவார் என்று தெரு நம்பியிருந்தது. அவர் தானே யோசிக்க வேண்டியிருந்தது.

குழலு அவரைப் பார்த்தாள். பிறகு காலண்டர் ஆணியில் தொங்கிய அவருடைய பழைய விசிலை எடுத்து, முந்தானையில் தூசி துடைத்து, வாயில் வைத்தாள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். இது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும், தெருநாய்க்கும் தெரியும். முதல் விசிலை ஊதினாள். அவர் பென்சில் தாளைவிட்டு எழும்பியது. அடுத்த மூச்சில் இரண்டாவதை ஊதினாள்.

முப்பத்துநான்கு வருஷத்துப் பழக்கம் அவருடைய முழங்கால்களைப் பிடித்துத் தூக்கியது. அவர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகு, எழுந்துவிட்டோமே என்று நோட்டைப் பார்த்தார்.

"டைம் ஆச்சு," என்றாள் குழலு. டிக்கெட் அவள் ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸில் இருந்தது.

"ரயிலுக்கு இன்னும் மூணரை மணி நேரம் இருக்கே," என்றார் அவர்.

"இருக்கட்டும். வண்டி எடுத்தாச்சு."

அவர் தெருவில் இறங்கினார். வழக்கம்போல நாலு எட்டு முன்னால் அவர், நாலு எட்டு பின்னால் அவள். வாசல்தோறும் ஆட்கள். யாரும் கும்பிடவில்லை, ஏனென்றால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். செய்யது வீட்டில் சபூரா பையைக் காட்டி, "உங்களுக்காவத்தான் காத்திருந்த மாதிரி இருக்கு மச்சி" என்று குழலிடம் சொன்னாள்.

ஆவுடையப்பன் குனிந்து பையைத் தூக்கினார். பை வரவில்லை. மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துத் தூக்கினார். பதினான்கு வீட்டுச் சீடையும் தேங்காயும் ஆட்டுக்கல் குழவியும் ஒன்றாகச் சேர்ந்து, மாட்டேன் என்றன. செய்யது கை கொடுக்க வந்தார்; சபூரா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பைக்கு இரண்டு காது. குழலு வந்து ஒரு காதைப் பிடித்தாள். அவர் மற்றதைப் பிடித்தார். பை எழுந்தது.

கேட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நூறு எட்டு இருக்கும். பையை இரண்டு பேர் தூக்கினால் முன்னும் பின்னும் நடக்க முடியாது. ஒருவர் வேகமாகப் போனால் மற்றவர் முழங்காலில் பை இடிக்கும். முதல் பத்து எட்டு இடித்தது. பிறகு அவர் தன் எட்டைக் குறைத்தார், அவள் தன் எட்டைக் கூட்டினாள். தெரு முழுக்கப் பின்னால் நின்று பார்க்க, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த ஊர் மண்ணில், ஆவுடையப்பனும் குழல்வாய்மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள். அவள் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நடக்கும்போது அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, எதையோ எண்ணுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொள்வார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன பாக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"நோட்ட வச்சுட்டு வந்துட்டேன்."

"தெரு பாத்துக்கிடும்."

மூன்றரை மணி நேரம் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செய்யது மூன்று தடவை டீ கொடுத்தனுப்பினார். ரயில் ஐந்து நாற்பதுக்கு வர வேண்டியது, ஆறு நிமிஷம் பிந்தி வந்தது. ஏன் பிந்தியது என்று ஆவுடையப்பன் யாரிடமும் கேட்கவில்லை. பையை இருவருமாகத் தூக்கி உள்ளே ஏற்றி, மூச்சு வாங்கக் கீழே வைத்தார்கள். எதிர் இருக்கையில் இருந்த ஒல்லியான பெண் ஒருத்தி, "இடைஞ்சலா இருக்கும்ங்க, மேல வச்சுடட்டுமா?" என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்வதற்குள் பையை ஒரு கையால் எடுத்து மேல் பலகையில் வைத்துவிட்டாள். "உள்ள ஒண்ணுமே இல்லையா? இம்புட்டு லேசா இருக்கு" என்று சிரித்தாள்.

இருவரும் மேலே பையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

காலையில் எழும்பூர். இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், தள்ளுவண்டிகள், ஒலிபெருக்கிகள். அவ்வளவு கூட்டத்தில் ஒருவரும் அவர்களை அண்ணாச்சி என்று கும்பிடவில்லை, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் மேல் பலகையிலிருந்து பையை எடுத்தார். எடுத்தது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் குழலு பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். பிளாட்பாரத்தில் இறங்கியதும் அவர் பையின் ஒரு காதை அவளிடம் நீட்டினார்.

"பிடி. ரொம்பக் கனமா இருக்கு."

"ஆமா," என்று அவள் வாங்கிக்கொண்டாள், "கனந்தான்."